'ஆட்டிட்யூட் சரியில்லை' என்று கோப்பில் எழுதியிருந்தால்

புதிதாக 11 பேர் கொண்ட ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்றிருக்கிறீர்கள். அதில் ஒருவர் வேலையில் கெட்டிக்காரர். ஆனால் உங்களுக்கு முன்பிருந்த மேனேஜர் அவருடைய கோப்பில் "ஆட்டிட்யூட் சரியில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஒருவருடைய மனப்பான்மையை மாற்ற முடியுமா? ஆள் எடுக்கும்போதே அதைப் பார்த்து எடுக்க வழி உண்டா? நிறுவனத்தின் 5 'வேல்யூஸ்' சுவரில் மாட்டியிருந்தும் ஏன் யாருக்கும் உறைப்பதில்லை? இவருக்கு எவ்வளவு நாள் அவகாசம் கொடுக்கலாம்? இவைதான் உங்கள் கேள்விகள். மனிதவளத் துறையில் 22 வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் செய்த தப்பும் இதில் ஒன்று வரும்.

முதலில் அந்த வரியையே எடுத்துக்கொள்வோம். அதில் என்ன தகவல் இருக்கிறது? தாமதமாக வருகிறாரா? வாடிக்கையாளரிடம் எரிந்து விழுகிறாரா? மேனேஜர் சொன்ன ஜோக்குக்குச் சிரிக்கவில்லையா? எதுவாகவும் இருக்கலாம். 'ஆட்டிட்யூட்' என்ற சொல் நம் பேச்சுக்குள் வந்த நாள் முதல் திமிர் என்ற பொருளிலேயே உட்கார்ந்துவிட்டது. "ஆட்டிட்யூட் காட்டுறான்" என்றால் யாரும் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதில்லை. நம் சொல்லான 'மனப்பான்மை'யின் பிழைப்பும் சுமார்தான்: தாழ்வு மனப்பான்மை, மாற்றாந்தாய் மனப்பான்மை என்று கெட்ட சகவாசம். அதனால் ஒருவரைப் பற்றி இந்தச் சொல் காதில் விழுந்ததுமே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

உளவியலில் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு வெறுப்பு கிடையாது. மனப்பான்மை என்றால் ஏதோ ஒன்றைப் பற்றி ஒருவர் நினைப்பது, அதன் மீது அவருக்கு உள்ள பிடித்தமோ வெறுப்போ, அதை ஒட்டி அவர் நடந்துகொள்ளத் தயாராக இருக்கும் விதம், இந்த மூன்றும் சேர்ந்தது. இதில் முக்கியமானது 'ஏதோ ஒன்றைப் பற்றி' என்பது. பொதுவாக ஒரு மனப்பான்மை என்று எதுவும் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்காது. உங்கள் ஆள் செய்யும் வேலையை ரசிக்கலாம், ஷிப்ட் போடும் முறையை வெறுக்கலாம், பக்கத்து இருக்கைக்காரருக்காக உயிரைக் கொடுக்கலாம், நிறுவனத்தின் ஆண்டு விழாவைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லாமல் இருக்கலாம். இத்தனையும் ஒரே ஆளுக்குள் ஒரே நாளில் இருக்கும். அதனால் அந்த வரியைப் படித்ததும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "எதன் மீது?" என்பதுதான். அதற்கு எழுதியவரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், பெரும்பாலும் "என் மீது" என்பதுதான் பதில்.

விழுமியம், அதாவது வேல்யூ, இதற்குக் கீழே இருக்கும் அடுக்கு. மில்டன் ரோக்கீச் என்ற அமெரிக்க உளவியலாளர் மனிதர்களின் விழுமியங்களை 36ஆகப் பட்டியல் போட்டார். வாழ்க்கையில் எட்ட நினைப்பவை 18, அதற்குப் போகும் வழியில் கடைப்பிடிப்பவை 18. அவர் ஆட்களிடம் "இது உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்கவில்லை, வரிசைப்படுத்தச் சொன்னார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. நேர்மை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? குடும்பப் பாதுகாப்பு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறோம். மாலை ஆறு மணிக்கு அவசர வேலை வருகிறது. ஒருவர் உட்கார்ந்து முடிக்கிறார். இன்னொருவர் "காலையில் ஏழு மணிக்கே வந்து முடிச்சுத் தர்றேன்" என்று பையை எடுக்கிறார். முதலாமவருக்குப் பொறுப்பு முதலிடத்தில், இரண்டாமவருக்கு வீட்டில் காத்திருக்கும் நோயாளித் தாய் முதலிடத்தில், பொறுப்பு ஒரு படி கீழே. நம் அப்ரைசல் படிவத்தில் ஒருவர் 'அர்ப்பணிப்பு உள்ளவர்', மற்றவர் 'ஆட்டிட்யூட் மாற வேண்டும்'. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் வந்தாரா என்று யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் பார்க்க வேண்டியவர் ஒன்பதரைக்குத்தான் வருகிறார்.

விழுமியங்கள் சின்ன வயதிலேயே உருவாகி, மிக மெதுவாகத்தான் நகர்பவை. இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் அவை மாறுவதில்லை. மனப்பான்மை அப்படியல்ல, அது நடத்தப்படும் விதத்தைப் பார்த்து மாறும், சில சமயம் ஒரே வாரத்தில். இந்த வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்கு வருமுன் ஒரு பழைய கதை. 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியுடன் அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றினார். சீனர்கள் மீது அங்கே வெளிப்படையான வெறுப்பு இருந்த காலம். 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் உள்ளே விட மறுத்தார்கள். சில மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, "சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா?" என்று கேட்டார். பதில் போட்ட 128 பேரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் "மாட்டோம்" என்றார்கள். 1934இல் இதை வெளியிட்டார். ஆய்வில் ஓட்டைகள் உண்டு. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆளா என்பதே தெரியாது. ஆனாலும் ஆள் வாயால் சொல்வதும் கையால் செய்வதும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களை அது உலுக்கியது. அலுவலகத்தில் நாம் நடத்தும் ஊழியர் கருத்துக் கணிப்பையெல்லாம் நினைத்துப் பாருங்கள். அதில் 'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்' என்று வட்டம் போட்டவர் மறுவாரம் ராஜினாமா கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இதன் மறுபக்கம்தான் எனக்குப் பிடித்தது. 1959இல் லியோன் ஃபெஸ்டிங்கர், ஜேம்ஸ் கார்ல்ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை உட்கார வைத்து ஒரு மணி நேரம் மகா சலிப்பான வேலை கொடுத்தார்கள்: தட்டில் நூல்கண்டுகளை அடுக்கு, எடு, மறுபடி அடுக்கு, பலகையில் இருக்கும் முளைகளைக் கால் திருப்பு திருப்பு. முடிந்ததும் "வெளியே காத்திருப்பவரிடம் இது சுவாரசியமான வேலை என்று சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பொய்க்குச் சிலருக்கு 20 டாலர், சிலருக்கு 1 டாலர். பிறகு வேலை உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்டபோது, 1 டாலர் வாங்கியவர்கள்தான் "நன்றாகத்தான் இருந்தது" என்றார்கள். 20 டாலர் வாங்கியவருக்குப் பொய் சொன்னதற்குக் காரணம் சட்டைப் பையில் இருந்தது. 1 டாலர்காரருக்கு இல்லை. அதனால் மனம் வளைந்து கொடுத்துவிட்டது. பொய் சொல்ல வைக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. செயல் முன்னால் போய், மனம் பின்னால் வந்து சேர்வதும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். குறை சொல்லிக்கொண்டே இருப்பவரிடம் புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை கற்றுத்தரும் பொறுப்பைக் கொடுங்கள். கட்டாயப்படுத்தாமல், கூடுதல் காசு காட்டாமல், "உங்களை விட்டால் இதைத் தெரிந்தவர் இல்லை" என்று கேட்டுக் கொடுங்கள். மூன்று வாரத்தில் அவர் அந்த வேலையைப் பற்றிப் பேசும் தொனியே வேறாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எல்லோரிடமும் பலிக்காது. ஆனால் பயிற்சி வகுப்பைவிட அதிகம் பலிக்கிறது.

இனி என் தப்பு. ஒரு நிறுவனத்தில் பில் சரிபார்க்கும் பிரிவில் ஒருவர் இருந்தார். நாற்பது தாண்டியவர், நீல அட்டை போட்ட ஒரு நோட்டு எப்போதும் கையில் இருக்கும். எந்த மீட்டிங்கிலும் பேச்சு முடியப் போகும் நேரத்தில் பேனாவை லேசாக உயர்த்துவார். "இதுல ஒரு சின்ன சிக்கல் இருக்கு சார்" என்று ஆரம்பிப்பார். எதிரே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிரிவின் மேனேஜர் ஒருநாள் "வந்துட்டாருய்யா சிக்கல்" என்றார். அன்றிலிருந்து அவருக்குப் பெயரே 'சிக்கல் சார்' ஆகிவிட்டது. அப்ரைசலில் 'எதிர்மறை மனப்பான்மை' என்று வந்தது. நான் என் பங்குக்கு அவரை இரண்டு நாள் 'பாசிட்டிவ் ஆட்டிட்யூட்' வகுப்புக்கு அனுப்பி வைத்தேன்.

திரும்பி வந்தவர் பேனாவை உயர்த்தவே இல்லை. மீட்டிங்கில் நோட்டைத் திறப்பார், தேதி போடுவார், அத்தோடு சரி. மேனேஜருக்கு மகிழ்ச்சி. அடுத்த அப்ரைசலில் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதியவன் நான்தான். ஏழெட்டு மாதம் கழித்து, ஒரே சரக்குக்காரரின் பல பில்களுக்கு இரண்டு முறை பணம் போயிருப்பது தணிக்கையில் தெரிய வந்தது. புதிதாகப் போட்ட மென்பொருள், நடுவில் கோடு போட்ட பில் எண்ணையும் போடாத எண்ணையும் இரண்டு வெவ்வேறு பில்களாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நான் அவரிடம் போய்க் கேட்டேன்.

"இது உங்க கண்ணுல படலையா?"

"பட்டுச்சு சார். முதல் வாரமே பார்த்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"பாசிட்டிவா இருக்கச் சொன்னீங்களே."

குத்திக்காட்டும் தொனியே அதில் இல்லை. சொன்னதைச் செய்தேன் என்கிற மாதிரி சொன்னார். அடுத்த மூன்று மாதத்தில் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் இதற்கு ஒரு எளிய சட்டகம் தந்தார். ஒரு இடத்தில் குறை கண்டவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன: வெளியேறுவது, குரல் கொடுப்பது. அந்த இடத்தின் மீது விசுவாசம் இருக்கிறவர் உடனே வெளியேறாமல் குரல் கொடுத்துப் பார்ப்பார். வெளியேற்றம், குரல், விசுவாசம் என்ற இந்த மூன்றோடு பின்னால் வந்த ஆய்வாளர்கள் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: ஏனோதானோ என்று விட்டுவிடுவது. வெளியேயும் போகாமல், வாயும் திறக்காமல், வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருப்பது. எங்கள் ஆள் குரலில் தொடங்கி, ஏனோதானோவில் இறங்கி, கடைசியில் வெளியேறினார். அவர் ஏனோதானோவுக்கு வந்து சேர்ந்த நாளைத்தான் நான் 'முன்னேற்றம்' என்று எழுதினேன். அதனால் உங்கள் குழுவில் குறை சொல்கிறவரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அவர் சொல்லும் குறைகளில் எத்தனை உண்மை என்பது. பத்துக்கு ஆறு உண்மை என்றால் உங்களுக்குக் கிடைத்திருப்பவர் இலவசத் தணிக்கையாளர்.

ஆமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் செவிலியர் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்குத் தலைகீழாக வந்தது: அங்கேதான் தவறுகளின் எண்ணிக்கை அதிகம். துருவிப் பார்த்ததும் புரிந்தது, அந்தக் குழுக்களில் தவறை வெளியே சொல்லப் பயமில்லை. மற்ற இடங்களில் தவறுகள் மூடி மறைக்கப்பட்டன. புகாரே வராத குழுவைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

மனப்பான்மை கெட்டுப்போவது எப்படி என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் இன்னொரு ஆய்வு உண்டு. ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்டது. ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தங்கள் கைவிட்டுப் போய், இரண்டு ஆலைகளில் 10 வாரத்துக்குச் சம்பளத்தை 15 சதவீதம் குறைத்தார்கள். மூன்றாவது ஆலையில் குறைக்கவில்லை. குறைத்த இரண்டில் ஒன்றில் மேலிடத்தவர் வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்து, ஏன் குறைக்கிறோம் என்று கணக்கைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். மற்றதில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த 10 வாரமும் ஆலைகளிலிருந்து காணாமல் போன பொருள்களைக் கணக்கெடுத்தார் கிரீன்பெர்க். சம்பளம் குறைந்த இரண்டு இடத்திலும் திருட்டு ஏறியது. ஆனால் கால் மணி நேர ஆலையில் அது தாறுமாறாக ஏறியது. வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் அதிகம். சம்பளம் பழையபடி வந்ததும் திருட்டும் இறங்கிவிட்டது.

அந்தத் தொழிலாளர்களின் விழுமியங்கள் 10 வாரத்தில் கெட்டு, பதினோராவது வாரத்தில் திருந்தியிருக்குமா? அந்த 10 வாரம் மட்டும் அங்கே மேற்பார்வையாளராக இருந்த ஒருவர், "இந்த ஆலை ஆட்களுக்கு ஒழுக்கமே கிடையாது" என்று சத்தியம் செய்திருப்பார். இரண்டு ஆலைக்கும் பறிபோன காசு ஒன்றுதான். ஒரு இடத்தில் மனிதராக மதித்து உட்கார்ந்து பேசினார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. உங்கள் கோப்பில் இருக்கும் ஆளுக்கும் இப்படி ஒரு கால் மணி நேரம் நேர்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். பதவி உயர்வு தவறிப்போனது, இருக்கை மாற்றப்பட்டது, அவர் யோசனையை வேறொருவர் பெயரில் அறிவித்தது, இப்படி ஏதாவது இருக்கும். ஆட்கள் பழைய சம்பளத்தை மறந்துவிடுவார்கள், இவற்றை மறக்க மாட்டார்கள்.

சரி, எல்லாம் நிறுவனத்தின் குற்றம்தான், ஆளுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. 1989இல் ரிச்சர்ட் ஆர்வியும் அவருடன் சேர்ந்தவர்களும், சின்னஞ்சிறு வயதிலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த 34 ஜோடி ஒத்த இரட்டையர்களின் வேலைத் திருப்தியை ஒப்பிட்டார்கள். ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய 30 சதவீதத்தைப் பிறவியோடு தொடர்புபடுத்தலாம் என்று வந்தது. எந்த வேலைக்குப் போனாலும் முகம் மலராதவர்கள் உண்டு, எங்கே போட்டாலும் சிரித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. மீதி 70 சதவீதத்தில்தான் சூழ்நிலைக்கும் உங்களுக்கும் இடம். அது சின்ன இடம் இல்லை.

"அப்படியானால் சிரித்த முகக்காரர்களாகப் பார்த்து எடுத்துவிடலாமே" என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்வி. இதில் எனக்கு நம்பிக்கை குறைவு. நேர்காணலில் தெரிவது நேர்காணல் மனப்பான்மை. பெண் பார்க்கும் படலத்தில் தெரியும் குணம் மாதிரி. அதைவிடப் பெரிய ஆபத்து, 'நல்ல ஆட்டிட்யூட்' என்று நமக்குத் தோன்றுபவர் பெரும்பாலும் நம்மைப் போலவே பேசுபவராக இருப்பார். பெஞ்சமின் ஷ்னைடர் 1987இல் சொன்னது இதைத்தான்: ஒரு நிறுவனம் தன்னைப் போன்றவர்களை ஈர்க்கிறது, தன்னைப் போன்றவர்களைத் தேர்ந்தெடுக்கிறது, பொருந்தாதவர்கள் தாமாகக் கழன்றுகொள்கிறார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே அச்சு. ஒரே மாதிரி யோசித்து ஒரே குழியில் விழுவார்கள். கேட்டே ஆக வேண்டும் என்றால் "உங்கள் பலம் என்ன?" மாதிரி கேள்விகளை விட்டுவிட்டு, நடந்ததைக் கேளுங்கள். "முந்தைய வேலையில் மேலதிகாரி சொன்னது தப்பு என்று தெரிந்த ஒரு சமயம், என்ன செய்தீர்கள்?" நல்ல ஆட்கள் இதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, தாங்கள் சொதப்பியதையும் சேர்த்துச் சொல்வார்கள். கடகடவென்று பதில் வந்தால் வீட்டில் ஒத்திகை பார்த்து வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

சிரித்த முகத்துக்கும் நல்ல வேலைக்கும் உள்ள தொடர்பையும் நாம் ரொம்ப ஊதிப் பெரிதாக்கிவிட்டோம். 2001இல் டிமதி ஜட்ஜும் அவர் குழுவும், 50,000 பேருக்கு மேல் அடங்கிய 312 மாதிரிகளைத் தொகுத்துப் பார்த்ததில் வேலைத் திருப்திக்கும் செயல்திறனுக்கும் உள்ள ஒட்டுறவு (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1) சுமார் 0.30 என்று வந்தது. தொடர்பு உண்டு, ஆனால் மிதமானது. அதுவும் திருப்தியால் வேலை நன்றாக நடக்கிறதா, வேலை நன்றாக நடப்பதால் திருப்தி வருகிறதா என்பது அந்த எண்ணிலிருந்து தெரியாது.

நிலைத்து இருப்பதையும் நல்ல மனப்பான்மை என்று குழப்பிக்கொள்கிறோம். மேயர், ஆலன் என்ற ஆய்வாளர்கள் 1991இல் பிரித்துக் காட்டியபடி, ஒருவர் ஒரு இடத்தில் தங்குவதற்கு மூன்று காரணங்கள்: பிடித்திருக்கிறது, போனால் நஷ்டம், போவது தர்மமில்லை. மூன்றாவதற்கு நம்மிடம் 'செஞ்சோற்றுக் கடன்' என்று ஒரு சொல் தயாராகவே இருக்கிறது. 15 வருடமாக இருக்கிறார் என்பதை வைத்து இதில் எது என்று சொல்ல முடியாது. கடனுக்காகவும் பென்ஷனுக்காகவும் நகராமல் இருப்பவரை விசுவாசத்துக்கு உதாரணம் காட்டி மேடையில் பொன்னாடை போர்த்தும்போது, பின் வரிசையில் இருப்பவர்கள் நமட்டுச் சிரிப்பு சிரிப்பது இதனால்தான்.

மூன்றாவது கேள்வி, சுவர். விழுமியம் என்ற சொல் தெரியாதவர்கள் வேல்யூஸைத் தமிழில் 'மதிப்பீடுகள்' என்பார்கள். அப்ரைசலுக்கும் அதே 'மதிப்பீடு'தான். மொழிபெயர்ப்புக் குழப்பம் என்று முன்பெல்லாம் சலித்துக்கொள்வேன். இப்போது அதில் ஒரு நியாயம் தெரிகிறது: ஒரு நிறுவனத்தின் மதிப்பீடுகள் என்னவென்று தெரிய வேண்டுமானால் அதன் மதிப்பீட்டுப் படிவத்தைப் பார்த்தால் போதும், சுவரைப் பார்க்க வேண்டியதில்லை. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் தன் விழுமியங்களாக நான்கைச் சொல்லிக்கொண்டது: மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், மேன்மை. 2001 டிசம்பரில் கணக்கு மோசடிகள் அம்பலமாகித் திவாலானது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்குத் தன் விழுமியங்களைச் சொல்லத் தனிக் கையேடே இருந்தது. ஆனால் கிளை ஊழியர்களுக்குத் தினமும் காலையில் கேட்கப்பட்டது எத்தனை கணக்கு திறந்தாய் என்பதுதான். டார்கெட்டை எட்ட, வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. ஏறக்குறைய 5,300 ஊழியர்கள் சில ஆண்டுகளில் இதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். வேலைக்கு ஆள் எடுத்தபோது அத்தனை பேரும் பொய்யர்களாகப் பார்த்தா எடுத்திருப்பார்கள்? 5,300 பேர் ஒரே தப்பைச் செய்தால் அதை ஆட்டிட்யூட் என்று சொல்ல நாக்கூச வேண்டும்.

உங்கள் சுவரில் இருக்கும் ஐந்தையும் ஒரு தாளில் இடது பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடந்த ஒரு வருடத்தில் அதற்காக நிறுவனம் எதையாவது இழந்த சம்பவம் ஒன்றை எழுதுங்கள். நேர்மைக்காகக் கைவிட்ட ஒரு ஆர்டர், தரத்துக்காகத் தள்ளிப்போட்ட ஒரு தேதி, மரியாதைக்காக எச்சரிக்கப்பட்ட ஒரு பெரிய விற்பனைக்காரர். எதிரே ஒன்றும் எழுத வரவில்லை என்றால் அந்தச் சொல் ஊழியர்களுக்கு உறைக்காததில் ஆச்சரியம் இல்லை. நிறுவனம் முழுவதையும் நீங்கள் மாற்ற முடியாது. உங்கள் 11 பேருக்குள் ஒன்றை மாற்றலாம்: அடுத்த முறை யாராவது தன் தவறைத் தானே வந்து சொன்னால், அந்த நிமிடம் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். அந்த முகம்தான் உங்கள் குழுவின் சுவர்.

இனி அந்த ஆள். அவரைக் கூப்பிட்டுப் பேசும்போது ஆட்டிட்யூட், மனப்பான்மை, பாசிட்டிவ் ஆகிய சொற்களைத் தொடாதீர்கள். கேமராவில் பதிவாகக்கூடியதை மட்டும் பேசுங்கள். "நீங்கள் டீமோடு ஒத்துப்போவதில்லை" என்பதைக் கேமரா பிடிக்காது. "செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எழுந்து போனீர்கள், அதற்கப்புறம் அவர் பேசவே இல்லை" என்பதைப் பிடிக்கும். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் பேசும்வரை காத்திருங்கள். இந்த இடைவெளியை நிரப்ப உங்கள் நாக்கு துடிக்கும், அடக்குங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "இந்த வேலையில் உங்களைத் தினமும் எரிச்சல்படுத்துவது எது?" பதிலில் வருபவற்றில் ஒரு வாரத்துக்குள் உங்களால் சரிசெய்ய முடிந்த சின்ன விஷயம் ஒன்றையாவது செய்துவிடுங்கள். முடியாதவற்றை முடியாது என்று காரணத்தோடு சொல்லிவிடுங்கள். 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்கு 'இல்லை' என்று அர்த்தம் என்பது எல்லா ஊழியருக்கும் தெரியும்.

ஒரு விதிவிலக்கு. அவர் தனக்குக் கீழே இருப்பவர்களை மட்டம் தட்டுகிறார், பெண் ஊழியர்களிடம் வாய் நீள்கிறது, பிறர் வேலையைக் கெடுக்கிறார் என்றால் மேலே சொன்ன பொறுமை எதுவும் வேண்டாம். அது நடத்தை விதிமீறல். விதிப்படி, எழுத்தில், உடனே நடவடிக்கை எடுக்க வேண்டிய விஷயம். கெட்டிக்காரர் என்பதற்காக இதை விழுங்கிக்கொண்டால் மீதி 10 பேரும் உங்கள் உண்மையான விழுமியத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

அவகாசம் எவ்வளவு என்று கேட்டீர்கள். நான் மூன்று மாதம் என்பேன், ஆனால் முதல் மாதம் அவருக்கானதல்ல. அந்த மாதம் அவர் உங்களைச் சோதிப்பார்: சொன்னதைச் செய்கிறீர்களா, குறை சொன்னால் முகம் சுளிக்கிறீர்களா, பழைய மேனேஜரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறீர்களா என்று. முன்பைவிட மோசமாகக்கூட நடந்துகொள்வார். பதற வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது மாதங்களில் எண்ணுங்கள். எத்தனை முறை குறை சொன்னார், அதில் எத்தனை சரி, எத்தனை முறை தீர்வும் சேர்த்துச் சொன்னார், எத்தனை முறை யாரையாவது புண்படுத்தினார். அவர் திடீரென்று அமைதியாகிவிட்டால் நிம்மதிப் பெருமூச்சு விடாமல், அன்றே போய் என்ன ஆச்சு என்று கேளுங்கள்.

கோப்பில் இருக்கும் அந்த வரியைக் கிழித்துப் போட உங்களுக்கு அதிகாரம் இருக்காது. அதற்குக் கீழே தேதி போட்டு, நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதி வையுங்கள்: என்று, எந்த விஷயத்தில், என்ன சொன்னார், அது சரியாக இருந்ததா, நாம் என்ன செய்தோம். அவரையும் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டிவிட்டு மூடி வையுங்கள்.